சுவருக்குப் பின்னால் என்ன

நாங்கள் விலை கேட்பதற்குள்
கியான்மல் கேட்டுவிட்டார்:
"சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது?"
எஸ்.பி. ரோடு, இரண்டாம் மாடி.
ஏசி சொட்டுவதற்கு ஒரு பெயிண்ட் டப்பா.
மேசைமேல் வட்டமும் சதுரமுமாக
இருபது வாய்கள், எல்லாம் வலைபோட்டு மூடியவை.

நாங்கள் அதை யோசித்திருக்கவில்லை.
யோசித்ததெல்லாம்
தரையில் நிற்கும் பெட்டி வேண்டாம் என்பதுதான்,
துடைக்கிறவள் நான்.
கம்பி தெரியக்கூடாது.
சத்தம் வரவேண்டும், வருகிற இடம் தெரியக்கூடாது
என்றான் இளவழகன்,
தன் மேனேஜரை வர்ணிக்கும் அதே குரலில்.

கியான்மல் பில் புத்தகத்தின் பின்பக்கம்
ஒரு சோபா வரைந்தார். அதில் ஒரு தலை.
தலையைச் சுற்றி ஐந்து அம்பு.
"இது ராஜா சீட். வீட்டுக்கு ஒன்றுதான்.
பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு
கிடைத்தது கிடைத்தபடி."
யார் தலை என்று நான் கேட்கவில்லை,
மீசை வேறு வரைந்திருந்தார்.

ஆறரை அங்குல வட்டம்.
ஆழம் மூன்றே முக்கால்.
எங்கள் இடது சுவர் நாலு அங்குலக் கல்.
கழித்தால் கால் அங்குலம்,
அதற்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு.
"கெட்டிக் கல்லா பொள்ளல் கல்லா,
தட்டிப் பார்த்துச் சொல்லுங்க மேடம்.
தேங்காய் வாங்கத் தெரியும்தானே?"

கக்கதாசபுரா வந்து பதினோரு மாதம்.
அடுத்த வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தவை:
செருப்பு ஸ்டாண்டில் ஒரு சிவப்புக் கேன்வாஸ் ஷூ,
என் உள்ளங்கை அளவு.
சனிக்கிழமை கடுகெண்ணெய் காயும் வாசனை.
அவ்வளவுதான்.

இளவழகன் காலில் இருந்தான்.
மியூட்டில் போடாமலே என்னைப் பார்த்து
தட்டு, தட்டு என்று கையாட்டினான்.
தோள் உயரத்தில் தட்டினேன். கெட்டி.
ஒரு முழம் தள்ளி, கெட்டி.
கீழே, சோபா கைப்பிடிக்குப் பக்கத்தில்
டொக் டொக் என்றது, பொள்ளல்.
பென்சிலால் குறி வைக்கக் குனிந்தபோது

டொக் டொக்.

என் கை சுவரில் இல்லை.
சத்தம் என் முழங்கால் உயரத்திலிருந்து வந்தது.
நான் மூன்று தட்டினேன்.
மூன்று வந்தது.
தரையில் உட்கார்ந்துவிட்டேன்.
ஐந்து தட்டினேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை,
பிறகு நாலு.
சரியாகச் சொல்லித்தரலாமென்று
மறுபடி ஐந்து. மறுபடியும் நாலு.
அப்புறம் ஒரு பெண்குரல், எனக்குத் தெரியாத மொழி,
ஆனால் அதட்டல் எந்த மொழியிலும் அதட்டல்தான்.
இழுத்துக்கொண்டு போகிற காலடி.

சனிக்கிழமை நஞ்சுண்டி வந்தான்,
வட்டம் வெட்டும் பிளேடு, தூசிக்குப் பழைய பெட்ஷீட்.
"இடது சுவர் ஆகாது, முழுக்கக் கெட்டி" என்றேன்.
அவன் தட்டிப் பார்த்தான்.
பென்சில் குறியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"ஆமா மேடம், கெட்டிதான்" என்றான்,
கொங்கு வாடையடிக்கும் கன்னடத் தமிழில்.
நல்ல மனிதன். நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன்.

நாலும் மேலே போயின, பால்ஸ் சீலிங்கில்,
பின்னால் தகரப் பெட்டி மாட்டி, பஞ்சு திணித்து,
மாடி வீட்டுக்காரர் தூக்கத்துக்கு.
வலைக்குச் சீலிங் நிறத்திலேயே பெயிண்ட்.
அண்ணாந்து தேடினாலும் கிடைக்காது.
"சுற்றி வரணும், இது மேலே இருந்து கொட்டுது"
என்று இரண்டு வாரம் முனகினான் ராஜா சீட்டில் இருப்பவன்.
பிறகு பழகிவிட்டது,
அல்லது முனகுவதும் எனக்குப் பழகிவிட்டது.

நேற்று ஒரு படம். ஹெலிகாப்டர்
வலது மூலையில் கிளம்பி
ஃபேனைத் தாண்டி
இடது பக்கம் வந்து இறங்கும் நேரம்,
கீழே, கைப்பிடிக்குப் பக்கத்தில், டொக் டொக்.
"அட, கேட்டியா? இடது பக்கம்கூட வருதே!"
நிறுத்தி, பின்னால் ஓட்டி,
சத்தத்தைக் கூட்டி மறுபடி போட்டான்.
ஹெலிகாப்டர் வந்தது, இறங்கியது, அவ்வளவுதான்.
மறுபடி ஓட்டினான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஐந்து. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.